மோட்டார்ஹோமில் கயாக்: கூரையிலா, பின்புறத்திலா, டிரெய்லரிலா, பைக்குள்ளா?

மோட்டார்ஹோம், அதாவது உள்ளே வீடாக்கிய வண்டி, தன் கூரையில் ஒரு கயாக்கை, அதாவது துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுக்கமான படகை, தாங்குமா என்றுதான் பெரும்பாலானவர்கள் முதலில் கேட்கிறார்கள். தாங்கும். கூரையில் சரியான ரெயில் (நீளவாக்கில் ஓடும் கம்பி) இருந்தால் இரண்டைக்கூடத் தாங்கும். கேட்க வேண்டியது வேறு. ஐந்து மீட்டர் நீளமும் 28 கிலோ எடையும் உள்ள, ஈரத்தில் வழுக்குகிற ஒரு பொருளைத் தரையிலிருந்து மூன்று மீட்டர் உயரத்துக்கு ஏற்றப் போவது யார்? அதுவும் காலையில் தெம்பாக இருக்கும்போது அல்ல. மூன்று மணி நேரம் துடுப்புப் போட்டுத் தோள் விட்டுப்போய், காற்றும் எழும்பிவிட்ட மாலையில். இதற்கு மனசாட்சிப்படி பதில் சொன்னாலே பாதி வழிகள் கழிந்துவிடும்.

இங்கே கணக்கில் எடுத்துக்கொள்வது பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் ஓடும் வண்டிகளை. அவற்றில் பெரும்பகுதி ஃபியட் டுகாட்டோ அல்லது அதன் உடன்பிறப்புகளான பெஜோ பாக்ஸர், சிட்ரோயன் ரிலே மீது கட்டப்பட்டவை. இரண்டு வகை உண்டு. வேனின் இரும்பு உடலை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே வீடாக்கியது பேனல் வேன். எச்2 என்ற நடுத்தரக் கூரையுள்ள டுகாட்டோவின் உயரம் சுமார் 2.52 மீட்டர், எச்3 என்ற உயரக் கூரை என்றால் 2.76. கேபினுக்குப் பின்னால் தனிப்பெட்டி கட்டியது கோச்பில்ட், இது 2.8 முதல் 3.2 மீட்டர் வரை போகும். இந்த அரை மீட்டர் வித்தியாசம் கேட்கச் சின்னதாக இருக்கும். தலைக்கு மேல் கையை நீட்டினால் எட்டும் உயரத்துக்கும் எட்டாத உயரத்துக்கும் இடைப்பட்ட கோடு சரியாக அதற்குள்தான் விழுகிறது.

படகின் எடையையும் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்று மீட்டர் நீளமுள்ள, மேலே உட்கார்ந்து ஓட்டும் பிளாஸ்டிக் கயாக் 22 முதல் 28 கிலோ. ஐந்து மீட்டர் பிளாஸ்டிக் கடல் கயாக் 27 முதல் 30. அதே அளவு ஃபைபர்கிளாஸ் என்றால் மூன்று நான்கு கிலோ குறையும். மேல்புறம் முழுக்கத் திறந்த படகான கனூ, 16 அடி பிளாஸ்டிக் என்றால், 35 முதல் 40 கிலோ. கெவ்லாரில் செய்த இலகு கனூ 20 கிலோ அளவில் முடிந்துவிடும், விலைதான் மூச்சு முட்ட வைக்கும்.

கூரை: எடை பிரச்சினை இல்லை, எட்டுவதுதான் பிரச்சினை

மேலே பாரம் ஏற்றினால் வண்டி கவிழ்ந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 3,400 கிலோ வண்டியின் ஈர்ப்பு மையம் 1.2 மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 3.2 மீட்டரில் 60 கிலோ ஏற்றினால் அந்த மையம் உயர்வது மூன்றரை சென்டிமீட்டர்தான். ஓட்டும்போது பெரிதாகத் தெரியாது.

தெரிவது பக்கக் காற்று. ஐந்து மீட்டர் நீளம், 35 செ.மீ. உயரம் என்றால் பக்கவாட்டில் ஏறக்குறைய 1.75 சதுர மீட்டர். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு காற்று வீச்சு அடித்தால் அது கிட்டத்தட்ட 40 கிலோ விசையோடு படகைத் தள்ளும். படகின் வளைவு அதைக் கொஞ்சம் குறைக்கலாம். ஆனால் இந்த விசை ஒரே சீராக அழுத்தாமல் விட்டு விட்டு இழுக்கும். கிராஸ்பாரின், அதாவது படகைத் தாங்கும் குறுக்குக் கம்பியின், நட்டுகளைத் தளர்த்துவது இதுதான். ஸ்காட்லாந்தில் திறந்த மேட்டுச் சாலைகளிலும் நீண்ட பாலங்களிலும் இது அன்றாடம்.

கேபினுக்கு மேல் படுக்கை துருத்திக்கொண்டிருக்கும் கோச்பில்டில் இன்னொரு சங்கதி. அந்த நெற்றியில் மோதும் காற்று மேல்நோக்கித் திரும்பி, கூரையின் முன்விளிம்பில் பிய்ந்துகொண்டு போகிறது. படகின் மூக்கு அந்த விளிம்புக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் காற்று அதை அடியிலிருந்து தூக்கப் பார்க்கும். அதனால் மூக்கைக் கூரை விளிம்பிலிருந்து அரை மீட்டராவது பின்னுக்கு வைக்க வேண்டும். ஏழு மீட்டர் வண்டியில் ஐந்து மீட்டர் படகுக்கு அதற்கு இடம் தாராளமாக இருக்கும். பின்னாலும் நீட்டாது. காரில் ஏற்றும்போது பிரிட்டனில் பின்பக்க நீட்டம் ஒரு மீட்டரைத் தாண்டினால் தெளிவாகத் தெரியும்படி அடையாளம் கட்டவேண்டும், இரண்டு மீட்டரைத் தாண்டினால் பலகை மாட்டவேண்டும். மோட்டார்ஹோம் கூரையில் அந்தக் கவலையே வராது.

இனி கூரையின் உடலைப் பார்ப்போம். பேனல் வேனில் அது இரும்புத் தகடு. ரேக் மாட்டுவதற்கென்றே தொழிற்சாலையில் வைத்த பொருத்துமுனைகள் இருக்கும். கோச்பில்ட் கூரை வேறு ஜாதி. வெளியே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அலுமினியமோ ஃபைபர்கிளாஸோ, நடுவே சுமார் மூன்று சென்டிமீட்டர் நுரைப்பலகை, உள்ளே மெல்லிய பிளைவுட். மரச்சட்டமோ அலுமினியச் சட்டமோ ஓடும் இடத்தில் மட்டும்தான் அதற்கு எலும்பு. கண்ட இடத்தில் துளை போட்டுத் திருகினால், திருகு நுரையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். முதல் கோடையில் கூரை விரிந்து சுருங்கும்போது துளை அகன்று தண்ணீர் இறங்கும். உள்ளே மரச்சட்டம் ஊறி இற்றுப்போவது வெளியில் தெரியவே தெரியாது; சுவரில் கை வைத்து அது மெத்தென்று அமுங்கும்போது பழுதுச் செலவு நான்கு இலக்கத்தில் இருக்கும்.

ஆகவே கோச்பில்டில் கூரை என்று முடிவு செய்தால், தொழிற்சாலையிலேயே ரெயில் போட்டு வந்த வண்டியா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் சட்டம் எங்கே ஓடுகிறது என்ற வரைபடத்தை வண்டி கட்டிய நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் ரெயில் யோசனையையே விட்டுவிடுவது நல்லது. திருகோடு கூடவே சிக்காஃபிளெக்ஸ் 252 போன்ற கட்டுமானப் பசையும் வேண்டும். ஏபிஎஸ் பிளாஸ்டிக், ஃபைபர்கிளாஸ், பெயின்ட் அடித்த அலுமினியம் ஒவ்வொன்றுக்கும் பசைக்கு முன் பூசும்படி அந்த நிறுவனம் சொல்லும் ஆக்டிவேட்டரும் பிரைமரும் வேறு வேறு. அதைத் தாவிவிட்டு ஒட்டியவைதான் இரண்டாம் வருடம் ஓரத்தில் கிளம்புகின்றன. ஒட்டியபின் ஒரு வாரம் பாரம் ஏற்றாமல் விடவேண்டும். தண்ணீர் புகாமைக்கு வாரன்ட்டி இன்னும் ஓடுகிறதென்றால், கூரையில் துளை போட்ட நாளோடு அது முடிந்துபோகக்கூடும். முதலில் விற்பனையாளரிடம் கேட்டுவிடுங்கள்.

கூரை பார அளவு கையேட்டில் இருக்கும். அந்த எண்ணுக்குள் ரெயில், கிராஸ்பார், படகை ஏந்தும் தொட்டில், சோலார் பேனல், படகு எல்லாமே அடக்கம். இரண்டு கிராஸ்பாரும் நான்கு தொட்டில்களும் சேர்ந்து 15 கிலோவைத் தொடும். மேலே ஏறி நிற்கும் ஆளின் எடை தனிக்கதை: 80 கிலோ ஆள் குதிகாலை ஊன்றினால் முழுப் பாரமும் உள்ளங்கை அகலத்தில் இறங்குகிறது. மேலே நடக்கலாம் என்று கையேடு சொல்லாத கூரையில் ஏறாதீர்கள். ஏறியே ஆகவேண்டும் என்றால் சட்டத்துக்குச் சட்டம் பலகை போட்டு, முழங்காலில் நகருங்கள்.

ஏற்றும் முறை

பின்பக்க ஏணியில் ஒருவர் நின்று படகை வாங்கிக்கொள்வதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. மோசமான வழியும் அதுதான். ஏணியில் நிற்பவருக்கு மிச்சமிருப்பது ஒரு கை. அந்த ஏணியும் ஒரு ஆளைத் தாங்கச் செய்யப்பட்டதே தவிர, ஆளும் படகும் சேர்ந்து பக்கவாட்டில் இழுப்பதைத் தாங்க அல்ல.

இதற்கு மாறாகக் கூரையின் பின்விளிம்பில் நுரை சுற்றிய ஒரு உருளை போட்டுக்கொள்ளுங்கள். படகின் வாலைத் தரையில் விட்டு மூக்கை உருளைமேல் சாய்த்து, பிறகு வாலைத் தூக்கித் தள்ளுவது. படகின் எடையில் பாதிக்கு மேல் எந்தக் கட்டத்திலும் கையில் இறங்காது. நடுப்பகுதி உருளையைத் தாண்டியதும் படகு தானாகவே கூரைமேல் சாயும். இதில் ஒரு விசித்திரம் உண்டு: உயரமான வண்டியில் நீளப் படகுதான் சுலபம். மூன்று மீட்டர் கூரையில் ஐந்து மீட்டர் படகைச் சாய்த்தால் சரிவு 37 பாகை, தாராளமாக நிற்கும். மூன்று மீட்டர் படகை அதே இடத்தில் சாய்க்கப் பார்த்தால் செங்குத்தாக நிமிர்ந்து நிற்கும், மூக்கு விளிம்பைத் தொடுவதற்குள் வாலைத் தலைக்கு மேல் தூக்கவேண்டியிருக்கும். குட்டிக் கயாக்தானே என்று அலட்சியமாக வாங்குபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

பின்பக்கம் ஏணி, சைக்கிள் ரேக், கேமரா என்று அடைபட்டிருந்தால் பக்கவாட்டில் ஏற்றவேண்டும். பிரிட்டிஷ் வண்டியில் இடப்பக்கம் கதவும் வெய்யில் சாய்ப்பும் இருக்கும். எனவே வலப்பக்கம்தான் வழி. இரண்டு துண்டாக நீளும் சாதாரண அலுமினிய ஏணியைக் கூரை விளிம்பில் சாய்த்து, விளிம்பில் படும் இடத்தில் ரப்பர் வைத்து, படிகள்மேல் பழைய தரைவிரிப்பைக் கட்டினால் அதுவே சறுக்குப்பாதை. படகின் இரு முனைகளிலும் ஒரு கயிற்றைக் கட்டிக் கூரைக்கு மேலாக எதிர்ப்பக்கம் போட்டு ஒருவர் இழுக்க, இந்தப் பக்கம் ஒருவர் கீழிருந்து வழிகாட்டினால் போதும். கயிறு 12 மீட்டராவது இருக்கட்டும். எட்டு மீட்டர் வாங்கினால் இழுப்பவர் வண்டியோடு ஒட்டிக்கொண்டு, மேலே என்ன நடக்கிறதென்று தெரியாமல் இழுக்க நேரும்.

கார்களுக்கென்று வரும் கேஸ் ஸ்ட்ரட் (வாயு அழுத்தத் தண்டு) தூக்கிகளை நம்பி ஏமாற வேண்டாம். துலே நிறுவனத்தின் ஹல்லவேட்டர் புரோ 34 கிலோ வரையிலான படகை ஏற்கும், அதில் 18 கிலோவை ஸ்ட்ரட்டே சுமந்துகொள்ளும், அருமையான சாதனம்தான். ஆனால் அது இறங்கிவரும் தூரம் கார் உயரத்துக்குக் கணக்கிட்டது. கோச்பில்ட் கூரையிலிருந்து அதை இறக்கினால் உங்கள் தலைக்கு மேல்தான் வந்து நிற்கும்.

கட்டுவது

கிராஸ்பார்களுக்கு இடையே படகு நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கட்டும். ஐந்து மீட்டருக்கு 1.6, 1.7 மீட்டர் நல்லது. கடல் கயாக்கில் உள்தடுப்புச் சுவர்கள் இருக்கும் இடத்துக்கு நேர்கீழே தொட்டில் வந்தால் படகு நசுங்காது. ஒரு படகுக்கு 25 மி.மீ. அகலத்தில் ஐந்து மீட்டர் கேம் பக்கிள் பட்டை (கையால் இழுத்து இறுக்குவது) இரண்டு. லாரிக்காரர்கள் வைத்திருக்கும், நெம்பி இறுக்கும் ராட்செட் பட்டை வேண்டாம். அது கொடுக்கும் இறுக்கத்தில் பிளாஸ்டிக் உள்வாங்கும், வெய்யில் ஏறியதும் அந்தப் பள்ளம் அப்படியே தங்கிவிடும். பட்டையை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினால் நெடுஞ்சாலையில் வரும் அந்த ரீங்காரம் அடங்கும். படுக்கைக்கு நேர்மேலே என்பதால் அந்தச் சத்தம் காரில் வருவதைவிட மோட்டார்ஹோமில் கொடுமை.

காரில் மூக்குக் கயிற்றைப் பம்பரில் கட்டுவோம். கோச்பில்டில் அது நெற்றியை உரசிக்கொண்டு கண்ணாடி முன் தொங்கும். பத்து மைலில் பெயின்ட் போய்விடும். கூரை ரெயிலின் முன்முனையிலேயே இரு பக்கமும் கொக்கி வைத்து, ஆங்கில வி எழுத்து வடிவில் மூக்குக்குக் கட்டுங்கள், வாலுக்கும் அப்படியே. அவசர பிரேக்கில் படகு முன்னால் வழுக்காமல் காப்பது இந்தக் கயிறுதான். பட்டைகள் கீழ்நோக்கி மட்டுமே இறுக்கும். புறப்பட்டு இருபது கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்திப் பட்டையைத் தொட்டுப் பாருங்கள். நுரை அமுங்கி ஒரு விரற்கடை தளர்ந்திருக்கும்.

உட்காரும் குழியைத் திறந்து மல்லாத்தி வைத்த கயாக்கில் ஒரு இரவு மழை பெய்து ஐம்பது லிட்டர் தேங்கினால், கூரையில் ஐம்பது கிலோ கூடுதல். மூடி போடுங்கள், அல்லது கவிழ்த்து வையுங்கள். கனூவை எப்போதும் கவிழ்த்துத்தான் ஏற்றுவார்கள், ஆனால் 90 செ.மீ. அகலம் என்பதால் கூரைச் சன்னலையும் சோலார் பேனலையும் சேர்த்தே மூடிவிடும். பேனலின் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலே தொடராக இணைத்த செல்களின் உற்பத்தி படுத்துவிடும் என்பது சோலார் வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். கூரையில் ஹீட்டர் புகைக்குழாய் இருந்தால் அதற்கு மேலேயும் பக்கத்திலேயும் பிளாஸ்டிக் வரவே கூடாது.

உயரம் கூடியதும் கூடவே வருபவை

எச்2 வேன் மீது கிராஸ்பாரும் கயாக்கும் சேர்ந்தால் மூன்று மீட்டரைத் தாண்டும். 2.9 மீட்டர் கோச்பில்ட் 3.4 ஆகும், அதாவது 11 அடி 2 அங்குலம். பிரிட்டனில் மொத்தப் பயண உயரம் மூன்று மீட்டருக்கு மேல் போனால் ஓட்டுநர் கண்ணில் படும்படி கேபினில் அந்த உயரத்தை எழுதி ஒட்டவேண்டும். ஏற்றிய பாரமும் இந்த உயரத்தில் சேரும். உயரம் எழுதாத பாலங்களில் 16 அடி 6 அங்குலம் கிடைக்கும், அங்கே பயமில்லை. ஆபத்து கிராமத்துச் சாலை மரக்கிளைகளிலும், பழைய ரயில் பாலங்களிலும், பெட்ரோல் நிலையக் கூரைகளிலும், முகாம் வாசல் வளைவுகளிலும். நேவிகேஷன் கருவியில் வண்டியின் உயரத்தைப் புதிய எண்ணுக்கு மாற்றாமல் கிளம்பினால், அது பழைய உயரத்துக்குத்தான் வழி காட்டிக்கொண்டிருக்கும்.

ஃபெரிக்குப் பதிவு செய்யும்போது படகோடு சேர்ந்த உயரத்தைச் சொல்லவேண்டும். பிரான்ஸின் சுங்கச்சாவடிகளில் 2 முதல் 3 மீட்டர் உயரமும் 3.5 டன்னுக்கு மிகாத எடையும் உள்ளவை இரண்டாம் வகுப்பு. மூன்று மீட்டரும் அதற்கு மேலும் மூன்றாம் வகுப்பு. மேலே கட்டிய படகைச் சென்சார் பார்த்துவிட்டு மூன்றாம் வகுப்புக் கட்டணத்தைக் காட்டினால், பணம் கட்டும் முன்பே உதவிப் பொத்தானை அழுத்தி, கூரையில் இருப்பது படகு என்று சொல்லுங்கள்.

பக்கச் சுவர்

பேனல் வேன்காரர்களுக்கு மட்டும் உள்ள வழி இது. டுகாட்டோ உடலின் அகலம் 2.05 மீட்டர்தான், சாலை வரம்போ 2.55. கயாக்கை ஒருக்களித்து வேனின் வலப்பக்கம் தோள் உயரத்தில் மாட்டலாம். ஏற்றுவது ஒரு ஆள் வேலை. ஆனால் பிரிட்டனில் பாரம் பக்கவாட்டில் 305 மி.மீ.-க்கு மேல் நீட்டினால் காவல்துறைக்கு முன்னறிவிப்பு, அடையாளப் பலகை என்று நிபந்தனைகள் தொடங்கிவிடும். ஒருக்களித்த கடல் கயாக்கும் பிராக்கெட்டும் சேர்ந்து 40 செ.மீ. சுலபமாக வரும். மெல்லிய நதிக் கயாக்கோ, நின்றபடி துடுப்புப் போடும் பலகையோ என்றால் அடங்கும். சன்னல்களை மறைக்கும், பக்கக் கண்ணாடியில் பின்னால் வருவது தெரியாது. நம் கணிப்பில் பலகைக்கு நல்ல இடம், கயாக்குக்குச் சுமார்.

பின்புறம்: தூக்க சுலபம், ஆக்ஸிலுக்குக் கஷ்டம்

வண்டியின் பின்னால் கொளுவியில் மாட்டும் சட்டத்தில் கயாக்கை நெட்டுக்குத்தாக நிறுத்துவது அமெரிக்காவில் பரவலாக இருக்கிறது. அங்கே வண்டியே 3.5 மீட்டரைத் தாண்டும் என்பதால் பின்னால் நிற்கும் படகு பெரிதாக நீட்டாது. கீழ்முனை தரையிலிருந்து அரை மீட்டர் என்றால் 3.6 மீட்டர் கயாக் 4.1 மீட்டரில் முடியும். கிழக்கு மாநிலங்கள் பலவற்றின் 13 அடி 6 அங்குல வரம்பும் சரியாக அதுவே. அதற்கு மேல் நீளமான படகுக்கு அங்கும் இடமில்லை. ஐரோப்பிய வண்டியில் மூன்று மீட்டர் கயாக் வரைதான் யோசிக்கலாம்.

கவனிக்க வேண்டியது நெம்புகோல் கணக்கை. முன், பின் ஆக்ஸில்களுக்கு (சக்கர அச்சுகளுக்கு) இடையிலான தூரம், அதாவது வீல்பேஸ், 4.035 மீட்டர் உள்ள வண்டி. பின் ஆக்ஸிலுக்கு 2.5 மீட்டர் பின்னால் சட்டமும் இரண்டு கயாக்குமாக 70 கிலோ. பின் ஆக்ஸிலில் ஏறுவது 70 அல்ல, 113 கிலோ. மீதி 43 கிலோ எங்கிருந்து வந்தது? முன் ஆக்ஸிலிலிருந்து. டுகாட்டோ முன்சக்கரத்தால் இழுக்கும் வண்டி. மழையில் நனைந்த புல்வெளி முகாமில் முன்சக்கரம் வழுக்கிச் சேற்றைக் கிண்டத் தொடங்கும்போது இந்த 43 கிலோவின் அருமை தெரியும். கோச்பில்டுகளின் பின் ஆக்ஸில் ஏற்கெனவே வரம்பை ஒட்டித்தான் இருக்கும். கராஜில் (வண்டியின் பின்பகுதிச் சாமான் அறையில்) இரண்டு சைக்கிளும் ஒரு பெட்டித் தண்ணீரும் வைத்திருந்தால் அங்கேயே தாண்டியிருக்கும்.

பின்சுவரில் திருகிய சைக்கிள் ரேக்கில் கயாக்கைக் கட்டுவதைப் பற்றி ஒரே வரி: வேண்டாம். விளக்கும் நம்பர் பிளேட்டும் மறையக்கூடாது என்பது எங்கும் சட்டம். இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் போகிறவர்கள் பின்னால் நீட்டும் எதற்கும் 50 × 50 செ.மீ. சிவப்பு வெள்ளைக் கோட்டுப் பலகை மாட்டவேண்டும்.

டிரெய்லர்

இரண்டு நீளக் கடல் கயாக்கும் கோச்பில்டும் வைத்திருப்பவர்களுக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுதான், எத்தனை பேர் முகம் சுளித்தாலும். படகு இடுப்பு உயரத்தில் இருக்கும். ஒரே ஆள் ஒரு முனையாகத் தூக்கி ஏற்றலாம். ஈரத் துணி, துடுப்பு, மிதவைச் சட்டை எல்லாம் கூடவே ஒரு பெட்டியில் போகும், வண்டிக்குள் நாற்றமடிக்காது. முகாமில் மோட்டார்ஹோமை விட்டுவிட்டு டிரெய்லரைக் கையாலேயே ஏரிக்கரைக்குத் தள்ளிக்கொண்டும் போகலாம்.

விலை வேறு விதத்தில் வரும். ஃபெரிக் கட்டணம் நீளத்துக்குத் தகுந்தபடி ஏறும். பிரிட்டனில் நெடுஞ்சாலை வேகம் 60 மைலாக இறங்கும். மூன்றோ அதற்கு மேலோ தடங்கள் உள்ள இடங்களில் வலக்கோடித் தடம் கிடையாது. சில முகாம்களில் டிரெய்லருக்கு இடமோ அனுமதியோ இருக்காது. பின்னோக்கி எடுப்பது பழகவேண்டிய கலை. குட்டி டிரெய்லர் பெரிய கேரவனைவிட வேகமாக மடங்கும், அதுவும் மோட்டார்ஹோமுக்குப் பின்னால் கண்ணாடியில் தெரியவே தெரியாது. அதன் இரு ஓரங்களிலும் உயரமான குச்சி நட்டு நுனியில் நிறத்துணி கட்டிவைப்பது பழைய தந்திரம், இன்றும் வேலை செய்கிறது. 2021 டிசம்பர் 16 முதல் சாதாரண கார் உரிமம் உள்ளவர்களுக்குத் தனி டிரெய்லர் தேர்வு தேவையில்லை. ஆனால் நீட்டிய சேஸி (அடிச்சட்டம்) உள்ள கோச்பில்டில் டோபார் (டிரெய்லர் இழுக்கும் கொளுவி) பொருத்த தனி பிராக்கெட் வேண்டியிருக்கும்; அந்தச் செலவு சில சமயம் டிரெய்லரின் விலையையே தொடும்.

வட அமெரிக்காவில் பெரிய மோட்டார்ஹோமுக்குப் பின்னால் சின்னக் காரை இழுத்துக்கொண்டு போவார்கள். அந்த வசதி இருந்தால் யோசிக்கவே வேண்டாம். படகு கார் கூரையில்தான் போகவேண்டும். ஒன்றரை மீட்டர் உயரம், கடையில் கிடைக்கும் சாதாரண ரேக், ஏரிக்கரை வரை காரிலேயே போகலாம்.

பைக்குள் அடங்கும் படகு

கூரைக்காரர்கள் இதைக் கேலி செய்வார்கள். பத்து வருடத்துக்கு முன் அந்தக் கேலியில் நியாயம் இருந்தது. இப்போது உள்நூல் தைத்த, அழுத்தம் தாங்கும் தட்டைத் தளம் வந்தபிறகு காற்றடைத்த கயாக்கின் விறைப்பே மாறிவிட்டது. பழைய வகைக் குழாய்க்குச் சுமார் 0.2 பார் அழுத்தம். புதுத் தளத்துக்கு 0.5 முதல் 0.7 பார். எடை 12 முதல் 18 கிலோ, இரட்டைப் படகு கொஞ்சம் கூட. இழுக்கும்போதும் அழுத்தும்போதும் காற்றடிக்கும் பம்பில் பத்து, பதினைந்து நிமிடத்தில் தயார்.

குறை எங்கே? காற்றில். தண்ணீருக்கு மேல் உயரமாக மிதப்பதால் காற்று எந்தப் பக்கமோ படகும் அந்தப் பக்கம். பாதுகாப்பான குடாவில் கரையோரமாகப் போகலாம்; கரையிலிருந்து வெளியே தள்ளும் காற்றில் கடலில் இறக்கக்கூடாது. இரண்டாவது, காயவைப்பது. மடிப்புக்குள்ளும் துணி உறைக்குள்ளும் தண்ணீர் ஒளிந்திருக்கும். ஈரமாகச் சுருட்டி மூன்று நாள் கராஜில் போட்டால் பூஞ்சை வாசம் வண்டி முழுக்க ஏறும். கரும்புள்ளி விழுந்துவிட்டால் போகாது. செக் நாட்டின் குமோடெக்ஸ் பயன்படுத்துவது போன்ற ரப்பர் பூசிய பொருளில் துணி உறை இல்லாததால் துடைத்தாலே பெரும்பாலும் காய்ந்துவிடும். அடிக்கடி இடம் மாறுகிறவர்களுக்கு விறைப்பைவிட இந்தக் குணம் முக்கியம். மூன்றாவது, வெய்யில்: முழு அழுத்தத்தில் காற்றடைத்துக் கரையில் விட்டுச் சாப்பிடப் போனால் உள்ளே காற்று சூடாகித் தையல் பிரியும். கரையேறியதும் வால்வைத் தட்டிக் கொஞ்சம் விடுங்கள்.

மடிப்புப் படகு இதற்கும் கூரைக்கும் நடுவில் நிற்கிறது. ஒரு நூற்றாண்டாக இருக்கும் யோசனை இது: ஜெர்மனியின் ரோசன்ஹைமில் யோஹான் கிளெப்பர் 1907-இல் தயாரிக்கத் தொடங்கிய மரச்சட்டப் படகுகளை மூட்டையாகக் கட்டி ரயிலில் கொண்டுபோய் ஆற்றில் இறக்கினார்கள். இன்று நெளி பிளாஸ்டிக் தகட்டைப் பெட்டி போல மடிக்கும், ஓரு (Oru) என்ற நிறுவனத்தின் வகை வந்திருக்கிறது. சிறிய மாடல் 9 கிலோ, நீளம் சுமார் மூன்று மீட்டர். துணி உறை இல்லாததால் சட்டென்று காயும், தண்ணீரில் காற்றடைத்ததைவிட நேராகப் போகும். பாறையில் உரசினால் மட்டும் பாவம்.

இந்த வகைக்கெல்லாம் சாதகமாக ஒரு விஷயம் உண்டு, அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. இங்கிலாந்தின் ஏரிக்கரை வாகன நிறுத்தங்கள் பலவற்றில் உயரத் தடைக்கம்பி இருக்கிறது; மோட்டார்ஹோம் உள்ளேயே போகாது. நிறுத்திய இடத்திலிருந்து தண்ணீர் வரை அரைக் கிலோமீட்டர் நடக்கவேண்டி வரலாம். முதுகில் மாட்டிய 12 கிலோ பைக்கும் கையில் இழுக்கும் 28 கிலோ கயாக்குக்கும் அங்கே வித்தியாசம் தெரியும். கூரையில் ஏற்றுகிறவர்கள் இரண்டு சக்கர டிராலி ஒன்றும் சேர்த்தே வாங்கவேண்டும்; காற்றடைக்காத, பஞ்சர் ஆகாத சக்கரமாகப் பாருங்கள்.

யாருக்கு எது

பேனல் வேன், இரண்டு பேர், முப்பது கிலோவுக்குக் குறைந்த படகு: கூரை, சந்தேகமே இல்லை. கூரை உயரும் கேம்பர் வேன் என்றால், படகு மேலே இருக்கும்வரை கூரையைத் தூக்க முடியாது. தினமும் இறக்கி ஏற்றத் தயாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கோச்பில்ட், ஒரே இடத்தில் ஒரு வாரம் தங்கும் பழக்கம், கூரையில் தொழிற்சாலை ரெயில்: கூரை சரிவரும், படகு நீளமானதாக இருந்தால். அதே கோச்பில்டில் தினம் ஒரு ஊர் என்றால் டிரெய்லர், அல்லது பைப்படகு. தனியாகப் பயணம் செய்பவர், தோள்வலி உள்ளவர், அறுபதைத் தாண்டியவர் கூரைக்கு அருகிலேயே போகவேண்டாம். ஸ்காட்லாந்தில் ஃபோர்ட் வில்லியமிலிருந்து இன்வர்னஸ் வரையிலான 60 மைல் கிரேட் கிளென் நீர்ப்பாதை போன்ற நெடும்பயணத்துக்கு லாக் நெஸ் ஏரியின் அலையைத் தாங்கும் விறைப்பான படகுதான் வேண்டும். அங்கே காற்றடைத்ததை வைத்துச் சமாளிக்க நினைக்காதீர்கள். ஆனால் அப்படிப்பட்ட பயணம் வருடத்துக்கு ஒன்றுதான் என்றால், படகை அங்கேயே வாடகைக்கு எடுப்பது ரேக், பட்டை, ஃபெரிக் கூடுதல் எல்லாவற்றையும்விட மலிவு.

எதை வாங்கும் முன்பும் வண்டியைத் தண்ணீர், எரிவாயு, ஆட்கள், சாமான் சகிதம் எடைமேடைக்குக் கொண்டுபோய் ஆக்ஸில் ஆக்ஸிலாக எடை போடுங்கள். பிரிட்டனில் 1997 ஜனவரி 1 முதல் கார் தேர்வு எழுதியவர்களின் சாதாரண உரிமம் 3,500 கிலோவோடு நிற்கிறது. அதனால்தான் பெரும்பாலான மோட்டார்ஹோம்களின் எடைத் தகட்டில் அந்த எண்ணே இருக்கிறது. புத்தகத்தில் 400 கிலோ ஏற்றலாம் என்று எழுதியிருக்கும் வண்டியில், வெய்யில் சாய்ப்பு, இரண்டாவது பேட்டரி, சைக்கிள், நான்கு பேர் என்று சேர்ந்தபின் மிச்சம் பெரும்பாலும் இரண்டு இலக்கத்தில்தான் இருக்கும். மேடைச் சீட்டில் மிச்சம் 80 கிலோவுக்குக் கீழே என்றால் இரண்டு பிளாஸ்டிக் கயாக்கும் ரேக்கும் ஏற்ற இடமில்லை. தண்ணீர்த் தொட்டியைப் பாதியாக்கிக்கொண்டு ஓட்டலாம். அது முடியாதென்றால் 15 கிலோ பைப்படகு ஒன்றுதான் கணக்கில் அடங்கும்.